நார்த்வெஸ்ட்: எங்கிருந்து பார்த்து?

புது ஊரில் வந்து இறங்கி, கூகுள் மேப்பில் போக வேண்டிய இடத்தைப் போட்டு "ஸ்டார்ட்" அழுத்தியதும், முதல் வரியே "ஹெட் நார்த்வெஸ்ட் ஆன்..." என்று ஆரம்பிப்பது உண்டு. இடது, வலது என்று சொல்லித் தொலைத்தால் என்ன என்று எரிச்சல் வரும். ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பது அந்த நேரத்தில் அதற்கு உறுதியாகத் தெரியாது. இரண்டு அடி நடந்த பிறகுதான் தெரியும். அதுவரை திசையைச் சொல்வதைத் தவிர வழியில்லை.

நார்த்வெஸ்ட் என்றால் வடமேற்கு. இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அர்த்தம் தெரிந்தும் தடுமாறுகிறோம் என்றால், ஆங்கிலத்தில் இந்தச் சொல் காற்றுக்கு ஒரு மாதிரியும், புயலுக்கு வேறு மாதிரியும், வீட்டு விலாசத்துக்கு இன்னொரு மாதிரியும் வேலை செய்வதுதான் காரணம். வெளிநாட்டுக்குப் புதிதாகப் போயிருப்பவர்களுக்கும், இங்கிருந்தபடியே ஆங்கில வானிலை அறிக்கையும் வரைபடமும் படிக்க வேண்டியிருப்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். எட்டுத் திசையில் நார்த்வெஸ்ட் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். இது பிடிபட்டால் மற்ற மூன்று மூலைகளும் தானாகப் பிடிபடும்.

இந்தச் சொல் எங்கே கண்ணில் பட்டாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எங்கிருந்து பார்த்து வடமேற்கு? கீழே வரும் எல்லாப் படிகளிலும் இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடப் போகிறோம்.

முதல் படி: திசைகாட்டியில் இடம் பிடியுங்கள்

வடக்கு 0 டிகிரி. அங்கிருந்து கடிகார முள் சுற்றும் பக்கமாக எண்ணினால் கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. மேற்குக்கும் வடக்குக்கும் நட்டநடுவே 315. அதுதான் நார்த்வெஸ்ட். வாஸ்து பார்க்கிறவர்கள் வாயு மூலை என்பார்களே, அதே மூலை.

நார்த்தும் சவுத்தும்தான் எப்போதும் முன்னால் வரும். வெஸ்ட்நார்த் என்று ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லை. தமிழிலும் மேற்குவடக்கு என்று யாரும் சொல்வதில்லை என்பதால் இதில் நமக்குச் சிரமம் வராது.

சிக்கல் அடுத்த தட்டில் வருகிறது. எட்டுத் திசையைப் பதினாறாகப் பிரிக்கும்போது நார்த்-நார்த்வெஸ்ட், வெஸ்ட்-நார்த்வெஸ்ட் என்று இரண்டு புதுப் பெயர்கள் சேரும். முன்னால் நிற்கும் சொல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும். நார்த்-நார்த்வெஸ்ட் என்றால் வடக்குப் பக்கம் சாய்ந்த வடமேற்கு, 337.5 டிகிரி. வெஸ்ட்-நார்த்வெஸ்ட் என்றால் மேற்குப் பக்கம் சாய்ந்தது, 292.5 டிகிரி. பழைய மாலுமிகள் இதையும் பாதியாக்கி 32 திசை வைத்திருந்தார்கள். "நார்த்வெஸ்ட் பை நார்த்" என்பதெல்லாம் அந்தக் கணக்கு. நமக்கு அது வேண்டாம். ஒன்று மட்டும்: "நார்த் பை நார்த்வெஸ்ட்" என்று எங்கேயாவது கேட்டிருப்பீர்கள், திசைகாட்டியில் அப்படி ஒரு திசையே கிடையாது.

அன்றாடப் பேச்சில் யாரும் சரியாக 315 டிகிரியை மனதில் வைத்துச் சொல்வதில்லை. எட்டுத் திசைக் கணக்கில் 292.5-இலிருந்து 337.5 வரை எல்லாமே நார்த்வெஸ்ட்தான்.

இரண்டாம் படி: ஆஃப் வருகிறதா, இன் வருகிறதா?

இதற்கு பர்மிங்ஹாமைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. லண்டனிலிருந்து கோடு போட்டால் பர்மிங்ஹாம் ஏறக்குறைய கச்சிதமாக 315 டிகிரியில் இருக்கிறது. அதனால் "பர்மிங்ஹாம் இஸ் நார்த்வெஸ்ட் ஆஃப் லண்டன்" என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் "பர்மிங்ஹாம் இஸ் இன் தி நார்த்வெஸ்ட்" என்று அங்கே சொல்லிப் பாருங்கள், உடனே திருத்துவார்கள். இங்கிலாந்தில் "தி நார்த்வெஸ்ட்" என்பது ஒரு தனி வட்டாரத்தின் பெயர். மான்செஸ்டர், லிவர்பூல், லங்காஷயர், கம்ப்ரியா எல்லாம் அதற்குள் வரும். பர்மிங்ஹாம் இருப்பது வெஸ்ட் மிட்லண்ட்ஸில்.

ஆஃப் வந்தால் ஓர் ஊரில் நின்றுகொண்டு இன்னோர் ஊரைக் கை நீட்டிக் காட்டுகிறோம். இரண்டும் வேறு வேறு இடம். "திருப்பதி இஸ் நார்த்வெஸ்ட் ஆஃப் சென்னை" என்றால் திருப்பதி சென்னைக்குள் இல்லை. "டு தி நார்த்வெஸ்ட் ஆஃப் சென்னை" என்று எழுதினாலும் அதே பொருள்தான். முன்னதில் "தி" வராது, பின்னதில் கட்டாயம் வரும். இதில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்குவது.

"இன் தி நார்த்வெஸ்ட் ஆஃப்" என்றால் கதை வேறு. அங்கே கணக்கு அந்த இடத்தின் நடுவிலிருந்து, அதன் எல்லைக்குள். இலங்கையில் மன்னார், நாட்டின் வடமேற்குக் கரையில் இருக்கிறது. அதற்கு "இன் தி நார்த்வெஸ்ட் ஆஃப் ஸ்ரீலங்கா" பொருந்தும். "நார்த்வெஸ்ட் ஆஃப் ஸ்ரீலங்கா" என்று "இன் தி"யை விட்டுவிட்டால் கடலைத் தாண்டி இராமநாதபுரம் பக்கம் வந்துவிடும்.

பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும்போதும் உள்ளே இருப்பதாகத்தான் அர்த்தம்: நார்த்வெஸ்ட் லண்டன், நார்த்வெஸ்டர்ன் இந்தியா. நகரத்துக்கு நார்த்வெஸ்ட் என்றும், நாடு, மாநிலம் போன்ற பெரிய நிலப்பரப்புக்கு நார்த்வெஸ்டர்ன் என்றும் வருவது வழக்கம். ஆனால் இது இறுக்கமான விதி இல்லை, மாற்றி எழுதினாலும் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள்.

மூன்றாம் படி: காற்று எங்கிருந்து, புயல் எங்கே?

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

காற்றை அது வரும் திசையை வைத்துத்தான் அழைப்பார்கள். நார்த்வெஸ்ட் விண்ட், நார்த்வெஸ்டர்லி விண்ட், வெறும் நார்த்வெஸ்டர்லி, எப்படிச் சொன்னாலும் வடமேற்கிலிருந்து கிளம்பித் தென்கிழக்குப் பக்கம் போகும் காற்று. இது ஆங்கிலக்காரர்களின் தனி வழக்கம் ஒன்றும் இல்லை. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, மேற்கிலிருந்து கோடை, கிழக்கிலிருந்து கொண்டல் என்று நாமும் வரும் திசையை வைத்துத்தான் பெயர் வைத்திருக்கிறோம். தென்றல் தெற்கே போகும் காற்று என்று யாருக்காவது தோன்றியிருக்கிறதா? அந்த நிதானத்தோடு நார்த்வெஸ்டர்லியையும் பாருங்கள், குழப்பம் வராது.

நகரும் பொருளுக்கு இது தலைகீழ். ஆள், கார், கப்பல், புயல் எல்லாவற்றுக்கும் போகும் திசைதான் கணக்கு. நார்த்வெஸ்ட்வர்ட், நார்த்வெஸ்ட்வர்ட்ஸ் என்று "வர்ட்" ஒட்டிக்கொண்டால் அதில் இரண்டாம் பேச்சே இல்லை, அந்தப் பக்கம் போகிறது. கடல் நீரோட்டத்தையும் போகும் திசையை வைத்தே கடலியலாளர்கள் அழைக்கிறார்கள். ஆக, ஒரே படகில் உட்கார்ந்திருக்கும்போது நார்த்வெஸ்ட் காற்று உங்களைத் தென்கிழக்கே தள்ளும், நார்த்வெஸ்ட் நீரோட்டம் வடமேற்கே இழுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் ஆங்கில அறிக்கையைத் திறந்தால் இது எல்லாம் ஒரே பத்தியில் வந்து நிற்கும். அதன் நடையில் ஒரு மாதிரியை நானே எழுதிக் காட்டுகிறேன். "டிப்ரெஷன் ஓவர் சவுத்வெஸ்ட் பே ஆஃப் பெங்கால்" என்று தொடங்கும் (டிப்ரெஷன் என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்). அடுத்து "அபவுட் 400 கிலோமீட்டர் சவுத்ஈஸ்ட் ஆஃப் சென்னை" என்று வரும். பிறகு "லைக்லி டு மூவ் நார்த்வெஸ்ட்வர்ட்ஸ்". கடைசியில் கரையோரத்துக்கு "ஸ்ட்ராங் நார்த்ஈஸ்டர்லி விண்ட்ஸ்". நான்கு திசைச் சொல், நான்குக்கும் வேறு வேறு கணக்கு.

சவுத்வெஸ்ட் பே ஆஃப் பெங்கால் என்பது வங்கக் கடலின் ஒரு பகுதி. கடலை நடுவில் வைத்துப் பார்த்தால் அதன் தென்மேற்கு ஓரம், அதாவது தமிழ்நாட்டுக் கரைக்கும் இலங்கைக்கும் பக்கம். சவுத்வெஸ்ட் என்றதும் அரபிக் கடல் பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. சவுத்ஈஸ்ட் ஆஃப் சென்னை என்பது சென்னையில் நின்றுகொண்டு தென்கிழக்கே கடலைப் பார்க்கும் கணக்கு. நார்த்வெஸ்ட்வர்ட்ஸ் என்பது அது போகும் பக்கம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். தென்கிழக்கே இருக்கிற ஒன்று வடமேற்கே நகர்கிறது என்றால் நேராக உங்களைப் பார்த்து வருகிறது. இந்த மாதிரியில் "சென்னையை நோக்கி வருகிறது" என்ற வார்த்தை எங்கேயும் இல்லை, ஆனால் சொல்வது அதைத்தான். உங்கள் ஊருக்கு எந்த மூலையில் நிற்கிறதோ அதற்கு நேர் எதிர் மூலையை நோக்கி நகர்கிறது என்று வந்தால், குடிநீர், மெழுகுவத்தி, பவர் பேங்க் எல்லாம் எடுத்து வைக்கும் நேரம்.

அது சரி, புயல் தென்கிழக்கிலிருந்து வந்தால் காற்றும் தென்கிழக்கிலிருந்துதானே வர வேண்டும், நார்த்ஈஸ்டர்லி எப்படி? நில நடுக்கோட்டுக்கு வடக்கே புயலின் காற்று கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. புயலின் மையத்திலிருந்து பார்த்தால் சென்னை வடமேற்கில் இருக்கிறது. அந்த இடத்தில் சுழலும் காற்று வடகிழக்கிலிருந்து வந்து தென்மேற்கே போகும். ஆகவே புயல் வேறு பக்கம், காற்று வேறு பக்கம். இரண்டும் ஒரே பத்தியில் இருப்பதில் முரண் எதுவும் இல்லை.

"வர்ட்ஸ்" மாறுகிறதா என்று பார்ப்பது இன்னும் முக்கியம். 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் முதலில் வடமேற்கே நகர்ந்து சென்னைக் கரையை நெருங்கியது. அப்புறம் வடக்கே திரும்பி, கரைக்கு இணையாகவே போய், டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா பக்கம் கரையைக் கடந்தது. நார்த்வெஸ்ட்வர்ட்ஸ் என்று இருந்த அறிக்கை நார்த்வர்ட்ஸ் என்று மாறினால் புயல் திரும்பிவிட்டது என்று பொருள். ஆனால் மழை விட்டுவிட்டது என்று பொருள் இல்லை. மிக்ஜாம் கரையைத் தொடாமலேயே சென்னையை வெள்ளத்தில் மிதக்க விட்டுவிட்டுப் போனது.

"லி" விகுதியில் மட்டும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நார்த்வெஸ்டர்லி விண்ட் என்றால் அங்கிருந்து வருவது. ஆனால் "இன் எ நார்த்வெஸ்டர்லி டைரக்‌ஷன்" என்றால் அந்தப் பக்கம் போவது. ஒரே சொல், நேர் எதிர் அர்த்தம். அகராதிகளும் இரண்டையும் ஒத்துக்கொள்கின்றன. நீங்கள் எழுதும்போது இந்த "லி"யைத் தொடாமல் இருப்பதே உத்தமம் என்பது என் கருத்து. "ஃப்ரம் தி நார்த்வெஸ்ட்" என்றோ "டுவர்ட்ஸ் தி நார்த்வெஸ்ட்" என்றோ எழுதிவிட்டால் யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

காற்றைப் பற்றி இன்னும் ஒன்று. நார்வெஸ்டர் என்ற சொல்லை இரண்டு ஊர்களில் அடிக்கடி கேட்கலாம். கொல்கத்தாவில் நார்வெஸ்டர் என்றால் கோடைக் காலத்தில் சாயங்காலம் இடியும் மின்னலுமாக வந்து புழுக்கத்தைத் தணித்துவிட்டுப் போகும் கால்பைசாகி. நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் பக்கம் நார்வெஸ்டர் என்றால் மலைத்தொடரைத் தாண்டி இறங்கும் வறண்ட வெப்பக் காற்று. ஓரிடத்தில் குளிர்ச்சி, இன்னோரிடத்தில் சூடு. வரும் திசை மட்டும்தான் ஒன்று. பெயரை வைத்துக் காற்றின் குணத்தைத் தீர்மானிக்க முடியாது.

நான்காம் படி: விலாசத்தில் வரும் என்.டபிள்யூ.

லண்டன் விலாசங்களின் கடைசியில் என்.டபிள்யூ. 1, என்.டபிள்யூ. 3 என்று வரும். நகரத்தின் நடுவிலிருந்து பார்த்து வடமேற்குப் பகுதி என்பதற்காக 1850-களின் கடைசியில் வந்த பிரிவு இது. மான்செஸ்டருக்கும் லிவர்பூலுக்கும் ரயில் ஏறும் யூஸ்டன் நிலையம் என்.டபிள்யூ. 1-இல் இருக்கிறது. கிரிக்கெட் ரசிகர்கள் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க ஆசைப்படும் லார்ட்ஸ் மைதானம் என்.டபிள்யூ. 8.

வீடு தேடுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்து ஏமாறுவது உண்டு. எண் குறைவாக இருந்தால் நகரத்துக்குப் பக்கம், ஏற ஏறத் தூரம் என்று நினைப்பது இயல்பு. 1 மட்டும்தான் நடுவுக்குப் பக்கத்தில். மற்றவை பெரும்பாலும் ஆங்கில அகரவரிசைப்படி போட்டவை: கிரிக்கில்வுட் 2, ஹாம்ப்ஸ்டெட் 3, ஹெண்டன் 4, கெண்டிஷ் டவுன் 5. அதனால் என்.டபிள்யூ. 5-இல் இருக்கும் வீடு என்.டபிள்யூ. 2-இல் இருப்பதைவிட நகரத்துக்குக் கிட்டே இருக்கும். வாடகைக்கு வீடு பார்க்கும்போது எண்ணை விட்டுவிட்டு வரைபடத்தைப் பாருங்கள்.

வாஷிங்டன் டி.சி.யில் என்.டபிள்யூ. அலங்காரத்துக்கு ஒட்டிய எழுத்து அல்ல, அது இல்லாமல் விலாசமே கிடையாது. நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிடலை நடுவில் வைத்து நகரத்தை நான்காகப் பிரித்திருக்கிறார்கள். தெருக்களின் எண்ணும் எழுத்தும் ஒவ்வொரு பக்கமும் அங்கிருந்தே தொடங்குகின்றன. நான்காவது தெரு என்றால் நான்கு பகுதியிலும் ஒரு நான்காவது தெரு உண்டு. நண்பர் அனுப்பிய விலாசத்தில் கடைசி இரண்டு எழுத்தை விட்டுவிட்டு டாக்சிக்காரரிடம் சொன்னால், அவர் உங்களை ஊரின் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கொண்டுபோய் விடலாம். வெள்ளை மாளிகையின் விலாசமே 1600 பென்சில்வேனியா அவென்யூ என்.டபிள்யூ. அதே அவென்யூ கேப்பிடலைத் தாண்டி எஸ்.இ. என்ற பெயரோடு தென்கிழக்கே நீள்கிறது. கனடாவில் கால்கரியிலும் இதே கதைதான். அங்கேயும் விலாசத்தோடு பகுதியின் எழுத்தைச் சேர்த்து எழுதாவிட்டால் பார்சல் அலையும்.

அடுத்து தெரு முனை. அமெரிக்காவில் "நார்த்வெஸ்ட் கார்னரில் நிற்கிறேன், வந்துவிடு" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். இரண்டு தெருக்கள் வெட்டிக்கொள்ளும் சந்திப்பின் நட்டநடுவில் நிற்பதாக மனதில் நினைத்துக்கொள்ளுங்கள் (நிஜமாக நின்றுவிடாதீர்கள்). அங்கிருந்து வடமேற்காகத் தெரியும் முனைதான் அது. அந்த முனையில் இருக்கும் கட்டடத்துக்குத் தெற்கிலும் கிழக்கிலும் தெரு இருக்கும்.

நம் ஊர் மனை விளம்பரத்தில் நார்த்வெஸ்ட் கார்னர் பிளாட் என்று போட்டால் கணக்கே மாறிவிடுகிறது. அது மனையின் நடுவிலிருந்து பார்ப்பது. வடக்கிலும் மேற்கிலும் ரோடு இருக்கும் மனை. ஒரே இரண்டு வார்த்தை, ரோடு மட்டும் நேர் எதிர்ப் பக்கங்களில். இங்கே மனை வாங்கிப் பழகியவர் அங்கே போய் வீடு பார்க்கும்போதும், அங்கே இருப்பவர் இங்கே மனை விசாரிக்கும்போதும், "எந்தெந்தப் பக்கம் ரோடு?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது. ஃபேசிங் என்று வந்தால் அதில் தகராறு இல்லை: நார்த்வெஸ்ட் ஃபேசிங் வீடு என்றால் வாசல் வடமேற்கைப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

மன்ஹாட்டனில் மட்டும் திசைகாட்டியைப் பையில் போட்டுவிடுங்கள். அங்கே அவென்யூக்கள் நேர் வடக்கே போகவில்லை, சுமார் 29 டிகிரி கிழக்கே சாய்ந்திருக்கின்றன. ஊர்க்காரர்களுக்கு அவென்யூ மேலே ஏறும் பக்கம்தான் வடக்கு. அவர்கள் சொல்லும் நார்த்வெஸ்ட் கார்னரைத் திசைகாட்டியில் பார்த்தால் 344 டிகிரி காட்டும், அதாவது கிட்டத்தட்ட வடக்கு. திசைகாட்டி தப்பில்லை, அவர்களும் தப்பில்லை.

ஐந்தாம் படி: உறைந்துபோன பெயர்கள்

சில பெயர்களில் இருக்கும் நார்த்வெஸ்ட் இன்றைய வரைபடத்தோடு ஒத்துப்போகாது. பெயர் வைத்தவர்கள் எங்கே நின்றார்கள் என்று தேடினால்தான் விளங்கும்.

சிகாகோவுக்குப் பக்கத்தில் எவன்ஸ்டனில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் இருக்கிறது. மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் அமெரிக்க வரைபடத்தின் இடது மேல் மூலையில் அதைத் தேடினால் கிடைக்காது. 1787-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒஹையோ ஆற்றுக்கு வடமேற்கே இருந்த நிலத்துக்கு நார்த்வெஸ்ட் டெரிட்டரி என்று பெயர் வைத்தது. அப்போது நாட்டின் எல்லை அவ்வளவுதான். இன்றைய ஒஹையோ, இந்தியானா, இல்லினாய், மிச்சிகன், விஸ்கான்சின் எல்லாம் அதிலிருந்து வந்தவை. 1851-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அந்தப் பழைய பெயரைச் சூட்டிக்கொண்டது. பிற்பாடு நாடு பசிபிக் கடல் வரை நீண்டுவிட, நிஜமான வடமேற்கான வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களைச் சொல்ல பசிபிக் நார்த்வெஸ்ட் என்று முன்னால் ஒரு ஒட்டு தேவைப்பட்டது. சியாட்டிலுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கேட்கும் நார்த்வெஸ்ட் இதுதான்.

கனடாவின் நார்த்வெஸ்ட் டெரிட்டரீஸுக்கும் மேற்கே யூக்கான் என்ற இன்னொரு ஆட்சிப்பகுதி இருக்கிறது. இலங்கையில் நார்த்வெஸ்டர்ன் ப்ரொவின்ஸ், தமிழில் வடமேல் மாகாணம் என்பது குருநாகல், புத்தளம் மாவட்டங்கள். முன்னால் சொன்ன மன்னார், நாட்டின் வடமேற்கில் இருந்தாலும் வட மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகையால் இலங்கை பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது நிலப்பகுதியைச் சொல்கிறோமா, மாகாணத்தைச் சொல்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மாகாணம் என்றால் பெரிய எழுத்தில், நார்த் வெஸ்டர்ன் என்று முழுப் பெயராகவே எழுதுவார்கள்.

ஆறாம் படி: நெடுஞ்சாலைப் பலகை

அமெரிக்க நெடுஞ்சாலைப் பலகைகளில் சாலை எண்ணோடு நார்த், சவுத், ஈஸ்ட், வெஸ்ட் என்ற நான்கில் ஒன்றுதான் இருக்கும். சான் ஹோசேயிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 101-இல் போனால் நிஜத்தில் போவது நார்த்வெஸ்ட். பலகை நார்த் என்று சொல்லும். அதே வளைகுடாவின் மறுகரையில், பெர்க்லி பக்கம் ஒரு துண்டுச் சாலை இருக்கிறது. அதில் வண்டி வடக்கே போய்க்கொண்டிருக்கும்போது, பலகையில் 80 ஈஸ்ட் என்றும் 580 வெஸ்ட் என்றும் சேர்ந்தே எழுதியிருக்கும். இரண்டு நெடுஞ்சாலைகள் அங்கே ஒரே தாரில் ஓடுகின்றன. முழுச் சாலையும் கடைசியில் எந்தப் பக்கம் போய்ச் சேருகிறது என்பதைத்தான் பலகை சொல்கிறது, இந்த இடத்தில் வண்டி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை அல்ல. ஓட்டும்போது திசைகாட்டியை மறந்துவிட்டு எண்ணையும் பலகையையும் மட்டும் பின்பற்றுங்கள்.

ஏழாம் படி: கையில் இருக்கும் போனும் தலைக்கு மேல் இருக்கும் சூரியனும்

போனில் இருக்கும் காம்பஸ் செயலி 315 காட்டினால் நார்த்வெஸ்ட். அதன் அமைப்பில் ட்ரூ நார்த் என்று ஒரு தெரிவு இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். காந்த ஊசி காட்டும் வடக்கும் வரைபடத்தின் வடக்கும் ஒன்றல்ல. சென்னையில் இந்த வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிதான், யாரும் கவனிக்கப் போவதில்லை. சியாட்டில் பக்கம் சுமார் 15 டிகிரி. அங்கே காந்த ஊசிப்படி 315 என்று வந்தால், வரைபடப்படி அது 330. நார்த்வெஸ்ட் என்று கிளம்பி நார்த்-நார்த்வெஸ்டில் போய் நிற்பீர்கள். தெருவில் நடக்க இது பரவாயில்லை, காட்டில் மலையேறப் போனால் வழி தவறும்.

போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் சூரியனைப் பார்க்கலாம், ஆனால் நம் ஊர்க் கணக்கை அப்படியே கொண்டுபோகக் கூடாது. சென்னையில் சூரியன் ஆண்டு முழுக்க மேற்கை ஒட்டியே மறைகிறது. மிஞ்சிப்போனால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் 24 டிகிரி. லண்டனில் ஜூன் மாதக் கடைசியில் சூரியன் மறையும் இடம் ஏறக்குறைய 310 டிகிரி, அதாவது நார்த்வெஸ்ட்டேதான். டிசம்பரில் அதே ஊரில் தென்மேற்கில் மறையும். "சூரியன் மறையும் பக்கம் மேற்கு" என்று நினைத்துக்கொண்டு ஜூன் சாயங்காலம் வழி தேடினால், 40 டிகிரி தள்ளிப் போய்விடுவீர்கள். வீடு பார்க்கும்போது இதையே சாதகமாக்கிக்கொள்ளலாம்: அங்கே நார்த்வெஸ்ட் பார்த்த ஜன்னலில் கோடைக் காலத்தில் சாயங்கால வெயில் வரும், குளிர்காலத்தில் அநேகமாக வராது.

எட்டாம் படி: எழுதுவதும் சொல்வதும்

அமெரிக்காவில் நார்த்வெஸ்ட் ஒரே சொல். பிரிட்டனில் நடுவில் ஒரு சிறு கோடு போட்டு எழுதுவது வழக்கம். எதை எடுத்தாலும் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். திசையை மட்டும் சொல்லும்போது சிறிய எழுத்து. வட்டாரத்தின் பெயராகச் சொல்லும்போது முதல் எழுத்து பெரியது. இங்கிலாந்தின் வட்டாரத்தை நார்த் வெஸ்ட் என்று இரண்டு சொல்லாகப் பெரிய எழுத்தில் எழுதுவதையும் பார்ப்பீர்கள்.

"டிரைவ் நார்த்வெஸ்ட்", "ஹெட் நார்த்வெஸ்ட்" என்று வினைக்குப் பின்னால் வரும்போது நடுவில் "டு" தேவையில்லை. "டிரைவ் டு நார்த்வெஸ்ட்" என்று எழுதினால் நார்த்வெஸ்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது போல ஆகிவிடும். உச்சரிப்பில் நார்த்தின் கடைசி "த்" நாக்கு நுனி பல்லைத் தொட்டு மெலிதாக வர வேண்டும்; வேகமாகச் சொல்லும்போது அது பாதி கரைந்துவிடும். மாலுமிகள் அதை முழுக்கவே விழுங்கி நார்வெஸ்ட் ஆக்கினார்கள், நார்வெஸ்டர் வந்ததும் அப்படித்தான். நேர்காணலிலோ அலுவலகத்திலோ நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டாம்.